உங்கள் கோப்பு எந்த மேசையில்?

மூன்று நாள் கெடு என்று சொன்னால் அந்த மென்பொருளுக்குப் புரியாது. 25,92,00,000 என்று சொல்ல வேண்டும். எல்லாம் மில்லி விநாடிக் கணக்கு. பஞ்சாப் உட்படப் பல மாநில நகராட்சிகளில் புழங்கும் ‘டிஜிட்’ தளத்தில், ஒரு தொழில் உரிம விண்ணப்பம் யார் யார் கைக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் பக்கம் இப்படித்தான் இருக்கும். விண்ணப்பம் வந்தது. ஆவணம் சரிபார்ப்பவரிடம் இருக்கிறது. களஆய்வுக்குப் போயிருக்கிறது. ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். உரிமம் தயார். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெயர். அந்த நிலையில் அனுப்பலாமா, திருப்பலாமா, நிராகரிக்கலாமா, அதை யார் செய்யலாம் என்று ஒரு பட்டியல். பக்கத்தில் அந்த மில்லி விநாடிக் கெடு. எல்லாம் சேர்த்து ஒரு சில பக்கம். நிரல் எழுதத் தெரியாத ஒரு நகராட்சி மேலாளர் ஒரு மதியப்பொழுது உட்கார்ந்தால் படித்துவிடலாம்.

படித்தால் விஷயம் புரியும். ‘களஆய்வு’ என்ற ஒரு நிலையை எடுத்துவிட்டால், தெருமுனையில் டீக்கடை போட நினைப்பவருக்கு இரண்டு வார அலைச்சல் மிச்சம். ‘திருப்பி அனுப்பு’ என்ற பொத்தானை எத்தனை முறை அழுத்தலாம் என்று வரம்பு வைக்காமல் விட்டால், அதே ஆள் ஆறு மாதம் நடையாய் நடப்பார். நகராட்சி நிர்வாகத்தின் நல்லதும் கெட்டதும் பாதி இந்த இரண்டு வரிகளில் அடங்கிவிடும். மீதிப் பாதி, அந்த வரிகளைத் திருத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

கணினி நிரலை வரி வரியாக எழுதாமல், திரையில் படிவத்தை இழுத்து வைத்து, கட்டங்களை அம்புக்குறியால் இணைத்து, ‘இவர் முடித்தால் அவருக்குப் போகட்டும்’ என்று சொல்லியே ஒரு செயலியை உருவாக்கித் தரும் கருவிகளுக்கு ‘லோ-கோடு’ என்று பெயர். பெயரை வைத்தது ஃபாரஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம், 2014-இல். சமாசாரம் அதைவிடப் பழையது. டிபேஸ், ஃபாக்ஸ்புரோ கற்றுக்கொண்டு அலுவலகச் சம்பளப் பட்டியலைத் தானே போட்டுக்கொண்ட கிளார்க்குகள் அந்தக் காலத்தில் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். சென்னையில் வளர்ந்த சோஹோ தன் ‘கிரியேட்டர்’ கருவியை 2006-லேயே வெளியிட்டுவிட்டது. மைக்ரோசாஃப்டின் ‘பவர் ஆப்ஸ்’ 2016-இல் வந்தது. ‘ஆப்ஷீட்’டை கூகுள் 2020-இல் விலைக்கு வாங்கியது. டிஜிட்டை முழுக்க லோ-கோடு தளம் என்று சொல்ல முடியாது. பெங்களூரில் 2003-இல் நந்தன் நிலேகனியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் தொடங்கிய இ-கவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் உருவாக்கி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட தளம் அது. ஆனால் கோப்பின் பாதையை நிரலுக்குள் புதைத்துவிடாமல் வெளியே தனியாக எழுதிவைக்கும் அதன் வொர்க்ஃப்ளோ பகுதி, அதே சிந்தனையில் பிறந்ததுதான்.

தன்பதிவேடு செய்த வேலை

நம் அரசு அலுவலகங்களுக்கு வொர்க்ஃப்ளோ புதிதல்ல. சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவரின் பெயரால் வழங்கிய ‘டாட்டன்ஹாம் முறை’யின் வழித்தோன்றல்தான் இன்றும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அலுவலக நடைமுறை. தபால் பிரிவில் கடிதத்தைப் பிரிப்பார்கள், தேதி முத்திரை விழும், எண் போடுவார்கள், பிரிவு உதவியாளரின் தன்பதிவேட்டில் ஏறும். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, பொருள் என்ன, யாருக்கு எழுதப்பட்டது, பதில் எப்போது வந்தது, எப்படி முடிந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. பதில் வராவிட்டால் நினைவூட்டு. மேலதிகாரி குறித்த நாளில் பதிவேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்து ஒப்பமிட வேண்டும். கோப்பை முடிக்கும்போதே அதை எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதையும் குறித்துவிட வேண்டும்.

வொர்க்ஃப்ளோ மென்பொருள் விற்க வருபவர்கள் வண்ணப் படம் போட்டுக் காட்டுவதில் பெரும்பகுதி இந்தப் பதிவேட்டிலேயே இருந்தது. இல்லாதவை இரண்டு. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரால் அதைப் படிக்க முடியாது. ‘அடுத்த வாரம் வந்து பாருங்க’ என்ற வாசகம் தலைமுறைகளாக நிலைத்ததற்குக் காரணம் இதுதான்: பதில் பதிவேட்டில் இருந்தது, பதிவேடு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்னொன்று, பதிவேடுகளைக் கூட்டிப் பார்க்க முடியாது. ஒரு மாநிலத்தின் நகராட்சிகளில் சொத்து வரிப் பெயர் மாற்ற மனுக்கள் அதிகம் தேங்குவது பில் கலெக்டரிடமா, மேலாளரிடமா, ஆணையரிடமா என்று கேட்டால், தன்பதிவேட்டை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் பதிவேட்டுக் காலத்தில் ஒரு பெரிய வசதி இருந்தது. பாதையை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். ‘இனி இந்த வகை மனுக்கள் மேலாளர் வழியாக வர வேண்டியதில்லை, நேராக எனக்கு வரட்டும்’ என்று ஆணையர் காலையில் கையெழுத்திட்டால் மாலையில் நடைமுறைக்கு வந்துவிடும். செலவு ஒரு தாள்.

கம்ப்யூட்டர் வந்தபோது முதலில் போனது இந்த வசதிதான். டெண்டர் விட்டு, குறைந்த விலை சொன்னவருக்கு வேலை கொடுத்து, அவர் எழுதிக்கொடுத்த மென்பொருளுக்குள் அன்றைய பாதை அப்படியே இறுகிப்போனது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் வந்த சொத்து வரி சீராய்வை எடுத்துக்கொள்வோம். வீட்டின் பரப்புக்கு ஏற்பப் படிப்படியாக உயர்வு: பெரும்பாலான நகரங்களில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100, சென்னையின் பழைய பகுதிகளில் இன்னும் அதிகம். இப்படியோர் அட்டவணை மாறும்போது, அது நிரலுக்குள் பதிந்திருக்கிறதா, பொறுப்பான அலுவலர் ஒருவர் திருத்தக்கூடிய அட்டவணையாக வெளியே இருக்கிறதா என்பதில்தான் எல்லாம். உள்ளே பதிந்திருந்தால் கம்பெனிக்குக் கடிதம், கம்பெனியிடமிருந்து மதிப்பீடு, மதிப்பீட்டுக்கு ஒப்புதல், ஒப்புதலுக்கு ஒரு கோப்பு, அந்தக் கோப்புக்கு ஒரு தன்பதிவேடு!

‘பத்தே நாளில் ஆப்’ என்று லோ-கோடு விற்பனையாளர்கள் சொல்வதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. முதல் ஆப் பத்து நாளில் வந்தால் என்ன, நூறு நாளில் வந்தால் என்ன? அடுத்த வருடம் விதி மாறும்போது யாருடைய வாசலில் போய் நிற்க வேண்டும்? பழைய சுற்றறிக்கைக்கு இருந்த பலத்தை இந்தக் கருவிகள் ஆணையரின் மேசைக்குத் திருப்பித் தருகின்றன என்றால், அதற்காக மட்டுமே வாங்கலாம்.

அண்டை வீட்டுக் கதை

கேரளம் இதை 1999-இல் தொடங்கியது. ‘இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன்’ என்று உள்ளாட்சிகளுக்கென்றே ஓர் அமைப்பு. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுக்கு ‘சேவனா’, வரிக்கு ‘சஞ்சயா’, திட்டங்களுக்கு ‘சுலேகா’, கணக்குக்கு ‘சாங்க்யா’ என்று ஒவ்வொன்றாக எழுதினார்கள். எல்லாம் ஒன்றோடொன்று பேசாத தனித்தனி மென்பொருள்கள். பிறப்புச் சான்று தரும் ஜன்னலுக்கும் வரி வாங்கும் ஜன்னலுக்கும் சம்பந்தம் இருக்காது. 2024 ஜனவரி 1-ஆம் தேதி கொச்சியில் தொடங்கிவைத்த ‘கே-ஸ்மார்ட்’ இவற்றை ஒரே தளத்துக்குள் கொண்டுவந்தது. முதலில் 87 நகராட்சிகளும் 6 மாநகராட்சிகளும். 2025-இல் 941 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது.

கே-ஸ்மார்ட்டில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். திருமணப் பதிவுக்கு வீடியோ வழியாக அடையாளச் சரிபார்ப்பு வைத்தார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் மணமக்கள் இதற்காக விமானம் ஏறி வர வேண்டியதில்லை. இன்னொன்று, ‘உங்கள் நிலத்தை அறியுங்கள்’ என்ற வசதி. உங்கள் மனை எந்த மண்டலத்தில் வருகிறது, கடற்கரை ஒழுங்குமுறை போன்ற கட்டுப்பாடு ஏதும் உண்டா, அங்கே எவ்வகைக் கட்டடம் கட்டலாம் என்று விண்ணப்பிப்பதற்கு முன்பே காட்டிவிடும். நகராட்சிக்கு ஒரு மனு குறைவு. மனுதாரருக்கு ஒரு தரகர் குறைவு.

இதில் கருவியின் மகிமையைவிட வேறொன்றைப் பார்க்கிறேன். இருபத்தைந்து வருடங்களாக, உள்ளாட்சி வேலை தெரிந்த ஒரு தொழில்நுட்ப அமைப்பு அரசுக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது. ஒரு பஞ்சாயத்துச் செயலர் ‘இந்தப் படிவத்தில் ஒரு பத்தி குறைகிறது’ என்றால், அதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. மென்பொருள் வாங்குகிற மாநிலங்களுக்கும் மென்பொருள் வளர்க்கிற மாநிலத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

ஒரு சட்டைப் பொத்தானைக் கழற்றியதுபோல

தமிழ்நாட்டில் இந்த விஷயத்தில் நடந்த மிக உருப்படியான காரியம் எது என்று கேட்டால், 2024 ஜூலை 22-ஐச் சொல்வேன். அன்றைக்குத்தான் சுயசான்று அடிப்படையிலான கட்டட அனுமதித் திட்டம் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்ட நினைப்பவர் இணையத்தில் விவரங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, விதிகளின்படியே கட்டுவேன் என்று உறுதிமொழி தந்து, கட்டணத்தைக் கட்டினால் உடனே அனுமதி. முன்கூட்டிய கள ஆய்வு இல்லை.

வெளியில் இருந்து பார்த்தால் இது ஒரு போர்ட்டல். உள்ளே நடந்தது வேறு. நகரமைப்புப் பிரிவில் ஒரு சின்ன வீட்டின் வரைபடம் ஒவ்வொரு மேசையாக நின்று நின்று போன பாதையையே அரசு ரத்து செய்தது. எத்தனை மேசைகள் என்று எண்ணி, அத்தனையையும் அழகாகக் கணினியில் ஏற்றுவதற்கு முன், இந்த மேசைகள் வேண்டுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பாதை இல்லாமல் போனபின் மென்பொருளுக்கு அதிக வேலை இல்லை: படிவம், கட்டணம், அனுமதி. ஒரு நல்ல லோ-கோடு கருவி இருந்தால் இந்த மூன்றையும் ஓர் அலுவலகமே செய்துகொள்ளலாம்.

இ-ஆபீஸ் வந்த பல அலுவலகங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. காகிதத்தில் ஏறிய அதே படிகளை, அதே வரிசையில், கோப்பு இப்போது திரையில் ஏறுகிறது. ‘சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று ஒருவர், ‘பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது’ என்று அடுத்தவர். குறிப்புரையில் புதிதாக ஒன்றும் சேர்க்காமல் கையெழுத்து மட்டும் போட்டு மேலே அனுப்பும் மேசைகளைக் கண்டுபிடிக்க இப்போது ஆய்வுக் குழு தேவையில்லை. கணினியிலேயே கணக்கு இருக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பவர் அபூர்வம். ஒரு மேசையைத் தேவையற்றது என்று சொல்வது ஒரு பதவியைத் தேவையற்றது என்று சொல்வதாகிவிடும் என்பதால், எல்லோரும் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறார்கள்.

சுயசான்றுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உறுதிமொழி பொய்யானால்? பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விடாமல் கட்டினால்? முன்பு அனுமதிக்கு முன்னால் செய்த ஆய்வை இப்போது அனுமதிக்குப் பின்னால், குலுக்கல் முறையில் சில வீடுகளைத் தேர்ந்தெடுத்தாவது செய்ய வேண்டும். இதற்கும் ஒரு வொர்க்ஃப்ளோ வேண்டும். அனுமதி தருவதில் காட்டும் உற்சாகத்தை இதில் யாரும் காட்டுவதில்லை. அனுமதி எண்ணிக்கையை மேடையில் சொல்லலாம். ஆய்வு எண்ணிக்கையை யார் கேட்கப்போகிறார்கள்?

கெடுவை ஏமாற்றும் கலை

கெடு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நகராட்சி அலுவலகத்தில் ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. பதினைந்து நாள் கெடு என்றால், பதினான்காம் நாள் மாலை ‘கூடுதல் ஆவணம் தேவை’ என்று விண்ணப்பம் திரும்பும். கடிகாரம் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஓடும். கொடுத்த ஆவணமே ‘தெளிவாக இல்லை’ என்று இன்னொரு முறை. மாதக் கடைசி அறிக்கையில் தாமதம் ஒன்றுகூட இருக்காது, எல்லாம் பச்சை.

இதற்கு மருந்து மென்பொருளிலேயே இருக்கிறது, வைக்க மனம் வேண்டும். ஆட்சேபம் எதுவானாலும் ஒரே முறை, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பாதையிலேயே பூட்டிவிடலாம். திருப்பி அனுப்பினாலும் கடிகாரம் நிற்கலாமே தவிர, முதலிலிருந்து தொடங்கக் கூடாது. இரண்டாவது முறை திருப்ப வேண்டுமானால் மேலதிகாரி காரணம் எழுத வேண்டும். இந்த மூன்று விதிகளையும் சேர்க்க எந்த வொர்க்ஃப்ளோ கருவியிலும் ஒரு நாள் வேலை.

சட்டமும் துணைக்கு வேண்டும். சேவை பெறும் உரிமைச் சட்டத்தை 2010-இல் முதலில் கொண்டுவந்தது மத்தியப் பிரதேசம். கேரளம் 2012-இல். கர்நாடகத்தின் ‘சகாலா’வும் 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது, அங்கே கெடு தாண்டினால் விண்ணப்பதாரர் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். தொகை அற்பம்தான். ஆனால் அந்த இருபது ரூபாய்க்கும் ஒரு கோப்பு போட வேண்டும், அதில் தாமதித்தவர் பெயர் வர வேண்டும். அதற்குத்தான் பயம். தமிழ்நாட்டில் இப்படியொரு சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை.

இன்னொரு ஓட்டையை யாரும் பேசுவதில்லை. விண்ணப்பத்தின் நிலை மாறும்போதெல்லாம் எஸ்.எம்.எஸ். போகிறது. யாருக்கு? விண்ணப்பத்தை ஏற்றிக்கொடுத்த நெட் சென்டர்காரரின் செல்போனுக்கு. பாதிப் பேருக்குத் தங்கள் விண்ணப்ப எண்ணே தெரியாது, எண்ணும் ஓ.டி.பி.யும் கடைக்காரரிடம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பதிவேடு இப்போது கடைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறது. ஒரே செல்போன் எண்ணில் இருபது, முப்பது விண்ணப்பங்கள் வந்தால் எச்சரிக்கும்படி வைப்பது பெரிய வித்தையல்ல. கூடவே, விண்ணப்பதாரர் வீட்டுக்கு ஒரு தபால் அட்டை அனுப்பினால்கூட நல்லதுதான்.

செய்தவர் மாறுதலில் போனால்

கிராமப்புறத்தில் கதை வேறு மாதிரி. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செயலர். வீட்டு வரி ரசீதுக்கு ஒரு போர்ட்டல், மத்திய அரசின் கணக்குக்கு ‘இ-கிராம்ஸ்வராஜ்’, குடிநீர்த் திட்டத்துக்கு ஒன்று, புகார்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு. எல்லாம் டைரியின் கடைசிப் பக்கத்தில். 2020 ஏப்ரல் 24-இல் வந்த இ-கிராம்ஸ்வராஜில் பணம் கொடுக்க டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்த டோக்கன் ஊராட்சித் தலைவரிடம் இருக்கிறதா, யாரோ ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டரின் மேசை இழுப்பறையில் இருக்கிறதா என்று கேட்டால் பல தலைவர்கள் சிரித்து மழுப்புவார்கள். காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் தாங்களே கையெழுத்திட்ட காலத்தில், எதற்குக் கையெழுத்து என்றாவது கேட்க முடிந்தது.

இந்த நெருக்கடியில்தான் லோ-கோடு கருவிகள் யாரும் அழைக்காமலேயே அலுவலகத்துக்குள் வந்துவிடுகின்றன. ஓர் ஒன்றிய அலுவலகத்தில் ஆர்வமுள்ள இளநிலை உதவியாளர் ஒருவர் கூகுள் ஃபார்மும் ஒரு ஷீட்டும் வைத்துத் தெருவிளக்குப் புகார்களை ஒழுங்குபடுத்திவிடுவார். பி.டி.ஓ. மகிழ்ந்துபோய் மற்ற வேலைகளையும் அதிலேயே போடச் சொல்வார். ஒன்றரை வருடத்தில் அலுவலகமே அதை நம்பி ஓடும். அப்போது அவருக்கு மாறுதல் வரும். ஃபார்ம் அவருடைய சொந்த ஜிமெயிலில் இருக்கும். வந்தவருக்கு ஒன்றும் புரியாது. பழையபடி நோட்டுப் புத்தகம்.

இது சின்ன அலுவலகங்களின் சாபம் மட்டுமல்ல. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் கிடையாது. மிச்சம் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. 15,841 நோயாளிகள் கணக்கில் வராமல், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது. கைக்கெட்டிய கருவியில் அவசரத்துக்கு ஒன்றைக் கட்டி, அதையே நிரந்தரமாக்கினால் இதுதான் முடிவு.

அதற்காகப் பெரிய மென்பொருள்தான் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. பர்மிங்ஹாம் மாநகர சபை தன் பழைய மென்பொருளை விட்டு ஆரக்கிளின் புதிய அமைப்புக்கு 2022 ஏப்ரலில் மாறியது. சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று தொடங்கிய வேலை, அடுத்த ஆண்டே 10 கோடி பவுண்டை நெருங்கும் என்றார்கள். தங்கள் நடைமுறைகளை மென்பொருளுக்கு ஏற்றபடி சீர்செய்வதாகத் தொடங்கி, கடைசியில் மென்பொருளைத் தங்கள் பழைய நடைமுறைகளுக்கு ஏற்றபடி வளைத்தார்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியே வேலை செய்யவில்லை. 2023 செப்டம்பரில் அந்தச் சபை, கையில் பணமில்லை என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததற்கு முக்கியக் காரணம் பெண் ஊழியர்களின் சம ஊதிய பாக்கிதான். ஆனால் இந்த மென்பொருள் செலவும் சேர்ந்து அழுத்தியது. தேவையற்ற மேசைகளை எடுக்காமல் கணினியில் ஏற்றுவது அங்கேயும் உண்டு, பவுண்டு கணக்கில்.

ஆர்வமுள்ள உதவியாளரைத் தடுப்பதும் தவறு, அவரையே நம்பி இருப்பதும் தவறு. அவர் கட்டியது அலுவலகத்தின் கணக்கில் இருக்க வேண்டும். பக்கத்து மேசையில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். நன்றாக ஓடினால் மாவட்டத்துக்கே எடுத்துக்கொள்ள ஒரு வழி வேண்டும். கேரளம்போல ஓர் அமைப்பு இருந்தால் அதைச் செய்யும்.

விலையிலும் ஒரு பொறி இருக்கிறது. தனியார் லோ-கோடு தளங்களில் பல, பயனர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று விலை வைக்கின்றன. அலுவலகத்தில் இருபது பேர் என்றால் கட்டுப்படியாகும். துப்புரவு மேற்பார்வையாளர், குழாய் பொருத்துநர், பில் கலெக்டர் என்று களத்தில் இருப்பவர்களைச் சேர்த்தால் கை சுடும். உடனே சிக்கனம் வரும்: ஒரு வார்டுக்கு ஒரே லாகின், பாஸ்வேர்டு வாட்ஸ்ஆப் குழுவில். யார் எப்போது என்ன செய்தார் என்று பதிவாவதற்காகத்தான் இத்தனை செலவு. ஆறு பேர் ஒரே பெயரில் வேலை செய்தால் அந்தப் பதிவுக்கு என்ன மதிப்பு? ஒப்பந்தம் போடும்போதே பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நாளைக்கு வேறு தளத்துக்குப் போனால் தரவை மட்டும் தருவார்களா, பாதையையும் சேர்த்துத் தருவார்களா? பெரும்பாலும் தரவு மட்டும்தான் வரும்.

பழைய எண், புதிய எண்

எல்லாம் சரியாகக் கட்டியபிறகும், சென்னையில் ஒரு விலாசம் கவிழ்த்துவிடும். பழைய எண் 14, புதிய எண் 31. மின்வாரியத்தில் பழைய எண். சொத்து வரியில் புதிய எண். பத்திரத்தில் சர்வே எண் மட்டும். அப்பா பெயர் ஒன்றில் ‘இராமசாமி’, ஒன்றில் ‘ராமசாமி’, ஆங்கிலத்தில் எஸ். ஆர். சாமி. யுனிகோடைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் ‘வானவில்’ எழுத்துருவில் அடித்த பட்டியல்களைப் புதிய தளத்தில் ஏற்றினால் புள்ளியும் கோடுமாகத்தான் வரும். பெயர் மாற்றத்துக்கு வந்தவரின் வீட்டைக் கணினி ‘இல்லை’ என்கிறது. அவர் இருபது வருடமாக வரி கட்டிய ரசீதுகளோடு எதிரில் நிற்கிறார்.

இதை எந்த அம்புக்குறியும் தீர்க்காது. பில் கலெக்டர் தெருத்தெருவாகப் போய், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மின் இணைப்பு எண்ணையும் ஒரே வரியில் பொருத்த வேண்டும். ஆனால் அந்த நடைக்கு அவர் கையில் வைத்திருக்கும் படிவத்தை லோ-கோடு கருவியில் அருமையாகச் செய்யலாம். ஒரு கதவின் படம், இரண்டு எண், ஒரு கையெழுத்து, இருக்கும் இடத்தின் புள்ளி. இந்தக் கருவிகளுக்குப் பொருத்தமான முதல் வேலை எது என்று ஒரு நகராட்சி ஆணையர் கேட்டால், உரிமமும் வேண்டாம், டேஷ்போர்டும் வேண்டாம், இதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். டேஷ்போர்டைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார், கதவெண் பொருத்தத்துக்கு வரமாட்டார் என்பதுதான் சிக்கல்.

ஆணையருக்கு டேஷ்போர்டு, துறைச் செயலருக்கு டேஷ்போர்டு. வார்டு கவுன்சிலருக்கு? 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் கையில் தந்தன. கோப்பின் பாதையோ தலைநகரில் தீர்மானமாகி வருகிறது. மன்றத்தில் தீர்மானம் போட்டு ஒரு படியைக் குறைக்க வழியில்லை. மன்றத்தின் கையில் பாதையை எழுதிவைத்திருக்கும் பக்கத்தை அப்படியே தர வேண்டும் என்று சொல்லவில்லை. இருக்கும் படிகளுக்குள் எதை எடுக்கலாம், எந்தக் கெடுவைக் குறைக்கலாம் என்ற அளவுக்காவது தரலாம். இந்தக் கருவிகளில் அப்படி எல்லை போட்டுத் தருவது எளிது.

அதைவிட எளிதான ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைப் படிக்கிறார்கள். கூடவே, அந்த ஊரில் நிலுவையில் இருக்கும் மனுக்களையும் படிக்கட்டும். பெயர் வேண்டாம், மனு எண், என்ன மனு, எந்த மேசை, எத்தனை நாள். வொர்க்ஃப்ளோ தளம் எதுவானாலும் இந்த ஒரு பக்கத்தை ஒரு பொத்தானில் அச்சிட்டுக் கொடுக்கும். படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகாது. ஒன்றிய அலுவலகத்தில் தேங்கியது எது, வட்டாட்சியரிடம் தேங்கியது எது, ஊராட்சிச் செயலரிடமே தேங்கியது எது என்று அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.